பத்திரத்தில் 'பாதைக்கு உட்பட்டு' என்றிருக்கிறதா, 'பாதை நீங்கலாக' என்றிருக்கிறதா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் தாத்தா வாங்கிய மனை, 30-க்கு 60 அடி. கிழக்கு ஓரமாக 4 அடி சந்து. பின்னால் உள்ள இரண்டு வீட்டுக்காரர்கள் அதில்தான் வந்துபோகிறார்கள். ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்டப்போகிறோம். சந்தின் இடம் மனைக் கணக்கில் வருமா? கட்டடத்தைச் சுற்றிக் காலியிடம் எங்கிருந்து விட வேண்டும்? அவர்களுக்கு இப்போது பின்தெருவில் வாசல் வந்துவிட்டது, சந்தை மூடலாமா?

பதில்: முதலில் தாய்ப்பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்தை ஒரு சொல் விடாமல் படியுங்கள். 'கிழக்கு ஓரம் 4 அடி வழிநடைப் பாத்தியதைக்கு உட்பட்டு' என்றிருந்தால் நிலம் உங்களுடையது, நடக்கும் உரிமை மட்டும் அவர்களுடையது. '4 அடி பொதுப்பாதை நீங்கலாக' என்றோ, நான்கெல்லையில் 'பொதுச் சந்துக்கு மேற்கு' என்றோ இருந்தால், உங்கள் மனை 26 அடியோடு முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு சொல்லில் 240 சதுர அடி இருக்கிறது. முதல் வகையில் மனை 1,800 சதுர அடி, இரண்டாவதில் 1,560. தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 2 என்பதால் கட்டக்கூடிய உச்சவரம்பு 3,600-லிருந்து 3,120-ஆகக் குறையும். நிலம் உங்களுடையதே ஆனாலும், பிறர் நடக்கும் பாதையைப் பரப்பில் சேர்க்க அதிகாரி மறுக்கலாம். அதனால் வரைபடத்தில் பாதையின் பரப்பைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

காலியிடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது மனையின் எல்லையிலிருந்து அளக்கப்படுவது. பாதை உங்கள் மனைக்குள் இருந்தால், எல்லை அதன் வெளி ஓரம். திறந்தே கிடக்கும் அந்த 4 அடியே பக்கவாட்டு இடைவெளியாகவும் நிற்க வாய்ப்பு உண்டு. பாதை வெளியே என்றால் எல்லை அதன் உள் ஓரம். அங்கிருந்து மறுபடி இடம் விட வேண்டும். ஒரு மீட்டர் விடுவதாக வைத்தால் 26 அடியும் 23-க்குக் கீழே இறங்கும். பழைய வடசென்னையில் தொடர் கட்டட வரையறைக்குள் வரும் தெருக்களில் ஒட்டிக் கட்ட இடமுண்டு, ஆனால் அங்கேயும் நடைபாதையை அடைக்க முடியாது. படிக்கட்டு, மோட்டார் மேடை, வண்டி நிறுத்தம் எதையும் அதில் வைக்காதீர்கள். பின்வீடுகளின் மெட்ரோ வாட்டர் குழாய் அந்தச் சந்தில் ஓடுகிறதா என்று அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பாருங்கள்.

சரி, மூடலாமா? வேறு வழியே இல்லாததால் பிறந்த உரிமை மட்டும்தான் மாற்றுவழி வந்ததும் முடியும். பத்திரம் தந்த உரிமையோ, 20 ஆண்டு வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு நடந்து 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் (பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) சட்டப்படி வந்த உரிமையோ பின்வாசலால் போய்விடாது. அவர்கள் சம்மதித்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சை நம்பிச் சுவர் எழுப்பாதீர்கள்.

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால், சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி உடனே கிடைத்துவிடும். யாரும் முன்கூட்டி வந்து சந்தைப் பார்ப்பதில்லை. அளவு தவறினால் பொறுப்பு கையெழுத்துப் போட்ட உங்களுடையது. எனவே விண்ணப்பிக்கும் முன் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் வாங்கி, பத்திரத்தோடு ஒப்பிட்டு, சந்தின் இரு முனையிலும் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.