கல்லாவுக்குப் பின்னாலிருந்து: புத்தாண்டுக் கேள்வி பதில்

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு புத்தகக்கடை நடத்துகிறேன். புத்தகம் சம்பந்தமாக வாசகர்கள் கேட்பதற்கு மாதாமாதம் இந்தப் பக்கத்தில் பதில் எழுதுகிறேன். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புது வருஷத்தைச் சுற்றித்தான்.

கே: டிசம்பர் 31 ராத்திரி கடையைத் திறந்து வைக்கிறீர்களாமே அக்கா? அந்நேரத்தில் யார் வந்து புத்தகம் வாங்கப் போகிறார்கள்?
– ஆர்.எம்., விருதுநகர்

வாங்குகிறவர்கள் கொஞ்சம், வருகிறவர்கள் நிறைய. சென்னையில் சில பதிப்பகங்களும் கடைகளும் இதைப் பல வருஷமாகச் செய்கின்றன. எழுத்தாளர்கள் வருவார்கள், கேக் வெட்டுவார்கள், நள்ளிரவில் புதுப் புத்தகம் வெளியிடுவார்கள். நம்மிடம் அவ்வளவு தடபுடல் கிடையாது. எட்டு மணிக்கு நடுமேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவோம். எதிர்க்கடையிலிருந்து ஃபிளாஸ்கில் டீ, தாம்பாளத்தில் கடலை மிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாயை வைத்துக்கொண்டு கேக்குக்கு எதற்கு அலைய வேண்டும்? தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வரும் பெண்கள் இரண்டு மூன்று பேர், சர்ச் ஆராதனைக்குக் கிளம்பிய குடும்பங்கள், ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டவர் என்று பத்தரை வாக்கில் நாற்காலி நிறைந்துவிடும்.

பதினோரு மணிக்கு ஒரு கதை வாசிப்போம். அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. வாசிப்பது கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. அவர் இடைசெவல்காரர். இங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் இடைசெவல். கதையே புத்தாண்டு டைரியை வைத்துத்தான் நடக்கிறது. பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் தெருப்பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார். புது வருஷத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும் டைரி கொடுக்கிறார், சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. மீதியை நான் சொல்வதாக இல்லை. கடைசியில் அந்தப் பையன் ஒன்று கேட்பான். போன முறை வாசித்தது ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார், கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார், "எழுத்தை ரொம்பப் பொடிசா அடிச்சிருக்கான்ம்மா" என்று என்னிடம் குறைபட்டார். நான் வைத்திருந்தது நல்ல பெரிய எழுத்துப் பதிப்பு.

அந்தக் கதையின் பெயரையே வைத்த தொகுப்புக்குத்தான் 1970இல் சாகித்ய அகாடமி விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அந்த வருஷமே காலமாகிவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு வெடிச் சத்தம், பைக் ஹாரன். எல்லா ஊரிலும் போலத்தான்.

கே: உங்கள் கடையில் தினசரி காலண்டர் கிடைக்குமா?
– பி.எல்., கயத்தாறு

கிடைக்காது ஐயா. ஜனவரி முதல் தேதி காலையில் கடைக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். பக்கத்தில் சிவகாசியை வைத்துக்கொண்டு நான் காலண்டர் விற்றால் சிரிப்பார்கள். அங்கே ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டுவிடுவார்கள். உங்கள் ஊர் நகைக்கடையிலோ மளிகைக்கடையிலோ சும்மாவே தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: இந்த வருஷம் 50 புத்தகம் படித்து முடிப்பதென்று உறுதி எடுத்திருக்கிறேன். ஒரு நல்ல பட்டியல் வேண்டும்.
– வி.எஸ்., கோயம்புத்தூர்

பட்டியல் தர மாட்டேன் தம்பி. ஜனவரியில் என்னிடம் பட்டியலோடு வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறவர்களை மார்ச்சில் பார்ப்பது அபூர்வம். ஏப்ரலில் அவர்கள் வீட்டம்மா வந்து "இதெல்லாம் திருப்பி எடுத்துப்பீங்களா?" என்று கேட்பது அபூர்வமில்லை.

நான் யாரிடமும் முதலில் கேட்பது, கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள், எத்தனாவது பக்கத்தில் வைத்தீர்கள் என்பதைத்தான். நூறு பக்கம் தாண்டி வைத்தவருக்குக் கொடுக்கும் புத்தகம் வேறு, பத்தாம் பக்கத்தில் வைத்தவருக்கு வேறு. நீங்கள் எழுதவில்லை. அதனால் குத்துமதிப்பாக மூன்று சொல்கிறேன்.

முதலில் பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்தது, மெலிந்த புத்தகம். ஒருவனை வெட்டிவிட்ட பதினைந்து வயதுப் பையன் அப்பாவோடு தலைமறைவாகத் திரிகிற எட்டு நாள்தான் நாவல். 2019இல் 'அசுரன்' என்று படமாக வந்ததே, அதற்கு மூலம். படம் பார்த்தாயிற்று என்று ஒதுக்கிவிட வேண்டாம். அப்பனும் மகனும் காட்டில் என்ன சமைத்தார்கள், எதைப் பறித்துத் தின்றார்கள், எந்தப் பாறைக்கடியில் படுத்தார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடிக்கும்.

அடுத்து அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் குடத்தோடு பம்படியில் நிற்கும் பெண்களின் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் படித்தால் இன்னும் உறைக்கும்.

மூன்றாவது தடிமனானது, பயப்பட வேண்டாம். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கி, 1942இல் அவர் மறையும்வரை எழுதினார். 122 அத்தியாயம் வந்தும் வாழ்க்கை முடிந்த அளவுக்குக் கதை முடியவில்லை. அதை அன்றைக்கு வாசகர்கள் படித்த மாதிரியே வாரம் ஒரு அத்தியாயம் படியுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடும். உங்கள் 50 கணக்கில் இது ஒன்றாகத்தான் வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கே: காகிதத்தில் சுற்றி, தலைப்பு தெரியாமல் விற்கிறீர்களாம். விற்காத சரக்கைத் தள்ளிவிடும் தந்திரமா?
– ஒரு சந்தேகப் பிராணி, சங்கரன்கோவில்

சந்தேகம் நியாயமானதுதான். அப்படிச் செய்கிற கடைகளும் இருக்கலாம். நான் சுற்றுவது எனக்குப் பிடித்ததை மட்டும். பழைய தினத்தாளில் சுற்றி, சணல் கட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவில் மூன்று வார்த்தை: 'மீன், சிலுவை, கடன்' என்று ஒன்றில் இருக்கும், 'காது, கடவுள், கும்பகோணம்' என்று இன்னொன்றில். பின்பக்கம் விலை. கல்லூரிப் பிள்ளைகள் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள், பக்க எண்ணிக்கையை விரலால் அளப்பார்கள். பிரித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் பொங்கலுக்குள் கொண்டுவந்து அதே விலைக்கு வேறு எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தை மடக்கியிருக்கக் கூடாது.

கே: 'பொன்னியின் செல்வன்' ஒரே நாவல்தானே? கடைக்குக் கடை, பதிப்பகத்துக்குப் பதிப்பகம் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? புத்தாண்டுப் பரிசாக அண்ணிக்கு வாங்க வேண்டும்.
– ஜே.எஸ்., திருநெல்வேலி

யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதுதான் காரணம். கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆக்காமல் இருந்திருந்தாலும் இந்நேரம் உரிமை முடிந்திருக்கும். நம் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகு 60 வருஷம் உரிமை, அதையும் அடுத்த வருஷப் பிறப்பிலிருந்து எண்ண வேண்டும். அவர் 1954 டிசம்பரில் காலமானார், ஆக 2015 ஜனவரி 1 முதல் எப்படியும் பொதுச்சொத்து. இந்த விதியால் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் சில எழுத்தாளர்கள் உரிமைக்கட்டிலிருந்து விடுபடுகிறார்கள். புத்தகக் கடைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த புத்தாண்டு விசேஷம் இது.

ஆக, விலை வித்தியாசம் முழுக்கத் தாளிலும் கட்டிலும் எழுத்தளவிலும்தான். ஐந்து பாகத்தையும் ஒரே தலையணையாகக் கட்டியது மலிவு. படுத்துக்கொண்டு படித்தால் மூக்கில் விழும். அண்ணிக்கு என்றால் ஐந்து தனிப் பாகமாக, மணியம் வரைந்த படங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கும் முன் முதல் பாகத்தை நடுவில் விரித்து மேசையில் வையுங்கள். தானாக மூடிக்கொண்டால் தையல் இல்லை, வெறும் பசைக் கட்டு. அப்புறம் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் பெயரை எத்தனை விதமாக அச்சடித்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை. இரண்டு விதத்துக்கு மேல் போனால் அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

கே: அம்மா உப்பளத்தில் வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். புது வருஷத்துக்கு அவருக்கு ஒரு புத்தகம் கொடுக்க ஆசை. கொடுத்தால் சங்கடப்படுவாரோ?
– எம்.டி., தூத்துக்குடி

கொடுங்கள் தாயி. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. உங்கள் ஊர் அளத்தில்தான் கதை நடக்கிறது. உப்பளத் தொழிலாளர்களோடு பழகி, கேட்டு, பார்த்து எழுதியது. ஆனால் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சாப்பாடு முடிந்து அம்மா உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசியுங்கள். பாத்தி மிதிப்பது, வாருபலகை, வெயிலில் கண் கூசுவது எல்லாம் வரும்போது, "இது இப்படியில்லை, அப்படி" என்று திருத்துவார் பாருங்கள். திருத்தட்டும். அவருக்குத் தெரியாததை நாவலாசிரியர் எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. தன் வேலை ஒரு புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்பது மட்டும்தான் அவருக்குப் புதிது.

ராஜம் கிருஷ்ணன் உயிரோடு இருந்தபோதே அவர் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதனால் இதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பு உண்டு. எழுத்து பெரிதாக உள்ளதை வாங்குங்கள்.

கே: பேரனுக்குப் பத்து வயது, இங்கிலீஷ் மீடியம். தமிழ் படிக்கச் சொன்னால் ஓடுகிறான். என்ன வாங்கித் தரலாம்?
– கே.ஆர்., ராஜபாளையம்

நீதிக்கதைத் தொகுதி மட்டும் வாங்காதீர்கள் ஐயா, இன்னும் வேகமாக ஓடுவான். 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது, விலையும் குறைவு. பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடந்த ஜப்பான் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தியின் நினைவுகள். தினம் ராத்திரி இரண்டு அத்தியாயம் நீங்கள் வாசியுங்கள், நல்ல இடம் பார்த்து நிறுத்திவிட்டு, தூக்கம் வருகிறது என்று போய்ப் படுத்துவிடுங்கள். மீதியை அவனே எடுத்துப் பார்ப்பான். இன்னும் சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப் புத்தகங்கள் கைகொடுக்கும்.

நம் கரிசல் கதையாகத் தரலாமே என்று கி.ரா. (எழுத்தாளர் கி. ராஜநாராயணன்) தொகுத்த நாட்டார் கதைகளை எடுக்கப் போகிறீர்களானால் அட்டையை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. பெயரைச் சும்மா வைக்கவில்லை.

கே: ஆன்லைனில் 30 சதவீதம் தள்ளுபடி. நீங்கள் 10தான் தருகிறீர்கள். ஏன் உங்களிடம் வாங்க வேண்டும்?
– பெயர் வேண்டாம், மதுரை

கட்டாயமே இல்லை. பதிப்பகம் எனக்குத் தரும் கழிவே பெரும்பாலும் 30, 35 சதவீதம். அதில்தான் வாடகை, கரண்ட் பில், பார்சல் கூலி, கடைப் பையனின் சம்பளம். முப்பதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஷட்டரை விற்கத்தான் வேண்டும். மலிவாகக் கிடைப்பதை அங்கே வாங்குங்கள். ஒன்றே ஒன்று, கள்ளப் பதிப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்டைப் படம் மங்கல், வரிகள் கோணல், உள்தாளில் பின்பக்க எழுத்து தெரிகிறது என்றால் எழுதியவருக்கு அதில் ஒரு பைசா போகாது.

கே: ஜனவரியில் எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் "பொங்கல் கழித்து வாங்க" என்கிறீர்களே, ஏன்?
– டி.என்., கோவில்பட்டி

உள்ளூர்க்காரர் நேரில் கேட்காமல் கடிதம் போட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். சென்னைப் புத்தகக் காட்சிதான் காரணம். 1977இல் தொடங்கியது. இப்போது தமிழ்ப் பதிப்புத் தொழிலே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. புதுப் புத்தகமெல்லாம் டிசம்பர் கடைசியில் அவசர அவசரமாக அச்சாகி நேரே அங்கே போய் இறங்கும். ஊர்ப்பக்கக் கடைகள் ஆர்டர் போட்டால் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். அதோடு வழக்கமாக டிசம்பரில் அகாடமி விருது அறிவிப்பு வேறு. மறுநாளே எல்லோருக்கும் அந்த ஒரே புத்தகம் வேண்டும், அது பதிப்பகத்திலேயே தீர்ந்திருக்கும்.

கல்லா பக்கத்தில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று தொங்குகிறது. பெயரும் போன் நம்பரும் புத்தகத்தின் பெயரும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். காணும் பொங்கல் முடிந்த வாரத்தில் பார்சல் வரும், கூப்பிடுகிறேன். போன முறை நீங்கள் சொல்லி வைத்து எடுக்காமல் விட்ட இரண்டு புத்தகம் இன்னும் மேல்தட்டில் இருக்கின்றன. வரும்போது அதையும் பார்த்துவிடுங்கள்.