கேளுங்கோ, சொல்லுறம்: காத்தைப் பாத்துச் சைக்கிள் எடுங்கோ

கேள்வி: நான் கனடா ஸ்காபரோவில இருக்கிறன், வயசு 52. வாற வருசம் மகனோட ஊருக்கு வந்து தலைமன்னாரில தொடங்கி யாழ்ப்பாணம், பிறகு புங்குடுதீவு, நெடுந்தீவு எண்டு முழுக்கச் சைக்கிளிலயே போறதா பிளான். மகனுக்கு லீவு ஜூலை, ஆகஸ்ட்தான். மாப்பில பாத்தா எல்லாம் சமதரை, ஒரு நாளைக்கு 100 கிலோமீற்றர் சுகமா ஓடலாம் எண்டு சொல்லுறான். அவன்ர கணக்குச் சரியோ?

பதில்: சமதரை எண்டது சரி. ஏத்தம் எண்டு சொல்ல அங்க ஒண்டும் இல்லை, பாலத்தில ஏறுறதுதான் ஏத்தம். ஆனா தம்பி காத்தைக் கணக்கில எடுக்கேல்லை. நீங்கள் ஊரில வளந்த ஆள், சோழகம் எண்டா என்னெண்டு மறந்திருக்க மாட்டியள். வைகாசியில எழும்பினா புரட்டாதி வரைக்கும் தென்மேற்கால அடிச்சுக்கொண்டே இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இன்னும் மோசம், மரமில்லாத தாம்போதியில, அதுதான் கடலுக்கு நடுவால போற றோட்டில, எதிர்க்காத்து எண்டா இறங்கி உருட்டுறவன்ர வேகம்தான் ஓடுறவனுக்கும்.

அதால காத்தைப் பாத்து திசையை வையுங்கோ. உங்கட அதிர்ஷ்டம், தலைமன்னாரில தொடங்கினது நல்ல யோசனை. தலைமன்னாரில இருந்து மன்னார் ரவுணுக்கு வரேக்க காத்து வலப்பக்கத்தால அடிச்சு உங்களை இடப்பக்க றோட்டுக் கரைக்குத் தள்ளும், பஸ் வந்தா கவனம். அண்டைக்கு ரவுணோட நிப்பாட்டுங்கோ. வெளிக்கிட முந்தி தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையைப் பாருங்கோ, 1964 புயலுக்கு முந்தி தனுஷ்கோடிக்கு அங்க இருந்துதான் கப்பல் ஓடினது. ரவுணுக்குக் கிட்ட பள்ளிமுனையில பெரிய பெருக்கமரம் (பாவோபாப்) நிக்குது, அதையும் விடாதேங்கோ.

அடுத்த நாள் விடிய வெளிச்சம் வரேக்கயே மன்னார்த் தாம்போதியைக் கடந்திடுங்கோ. 90இல உடைஞ்ச பாலத்துக்குப் பதிலா 2010இல புதுசு திறந்தவை. வங்காலைப் பக்கம் பூநாரை நிக்கும் எண்டு மகனுக்கு ஆசை காட்டாதேங்கோ, அதுகள் வடகிழக்கால அடிக்கிற வாடைக்காத்துக் காலத்தில வாற சாமான். பிறகு ஏ32 றோட்டு. திருக்கேதீச்சரத்தில கும்பிட்டிட்டு வடக்க திரும்பினா காத்து முதுகில. பதினெட்டு, இருபதில தானா ஓடும், அதுதான் ஆபத்து, ஏனெண்டா ஆளுக்குத் தாகமே தெரியாது. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் எண்டு ஊர்கள் இருக்குது, இடையில கடையும் இல்லை நிழலும் இல்லை, கடை கண்ட இடத்தில தண்ணி நிரப்பாட்டி பிறகு யாரையும் திட்டிப் பிரயோசனம் இல்லை. ஆளுக்கு மூண்டு லீற்றர் கையில வேணும். மாடு றோட்டில படுத்திருக்கும், பொழுதுபடேக்க இன்னும் கூட, அதால ராவில ஓடாதேங்கோ. எங்கயாவது கண்ணிவெடி எண்டு சிவப்புப் பலகையில மண்டையோடு கீறி இருந்தா மூத்திரத்துக்குக்கூட பத்தைக்குள்ள இறங்காதேங்கோ.

மன்னார்–யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல வரும், இளந்தாரிக்கு ஒரு நாள், உங்களுக்கு ரெண்டு நாளா வையுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். பூநகரியில கோட்டையடியில நிண்டு ஆறுங்கோ. அங்கால சங்குப்பிட்டிப் பாலம், 288 மீற்றர், 2011இல திறந்தது. அதுக்கு முந்தி அந்தக் கடலைப் பாதையில கடந்தனாங்கள். மகனுக்குப் பாதை எண்டா றோட்டு எண்டுதான் விளங்கும், வாகனம் ஏத்துற மிதவையைத்தான் நாங்கள் அப்பிடிச் சொல்லுறது எண்டு சொல்லிக்குடுங்கோ.

இனித் தீவுப்பக்கம். இங்கதான் உங்கட பிளான் தலைகீழா மாறுது. பண்ணைப் பாலத்தால இறங்கினதும் சோழகம் முகத்தில. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வரைக்கும் பரவாயில்லை, பனையும் வீடும் கொஞ்சம் மறைக்கும், புங்குடுதீவுத் தாம்போதியில ரெண்டு பக்கமும் கடல், ஒரு மறைப்பும் இல்லை. விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டா காத்து எழும்ப முந்தி, நயினாதீவு, நெடுந்தீவுப் படகு வெளிக்கிடுற குறிகட்டுவான் துறைக்குப் போயிடலாம். திரும்பி வாறது காத்தோட, சும்மா இருந்தாலே வீடு சேர்க்கும்.

எனக்கு ஒருக்கா இது மறுவளமா நடந்தது. மாசி மாசம், வாடை. யாழ்ப்பாணத்தில இருந்து குறிகட்டுவானுக்குப் பறந்து போனன், நானும் இன்னும் பலசாலிதான் எண்டு ஒரு நினைப்பு, நயினாதீவில அம்மனைக் கும்பிட்டு மோதகமும் சாப்பிட்டுத் திரும்பினா அந்தத் தாம்போதியில சைக்கிள் நகருதே இல்லை. போகேக்க ஓடினது நான் இல்லை, காத்து. பாதித் தூரம் உருட்டி, பிறகு மீன் ஏத்தின லாண்ட்மாஸ்ரரில, அதுதான் ரெண்டு சில்லு உழவு மிசின் பெட்டியில, சைக்கிளையும் போட்டு வந்தன். ரெண்டு நாள் மனுசி கிட்ட வரேல்லை, அந்த மீன் மணம்.

நெடுந்தீவுக்குக் கடல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல. சோழகக் கடல் குலுக்கும், வயித்தைப் பிரட்டும், கடல் கூடினா படகே நிக்கும். ஒரு நாளைக் கையில வைச்சுக்கொண்டு போங்கோ, பிளைற்றுக்கு முதல் நாள் நெடுந்தீவு எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ. அங்க இறங்கினா கல்லுவேலியும் குதிரையும் பாக்கச் சைக்கிள்தான் தோது.

கேள்வி: நானும் அக்காவும் வவுனியா. எங்களிட்ட கியர் இல்லாத சாதாரண லுமாலாச் சைக்கிள்தான் இருக்குது. தீவுப்பக்கம் ஒரு நாளில சுத்திவர ஏலுமோ? கியர்ச் சைக்கிள் வாங்கவேணுமோ?

பதில்: வாங்காதேங்கோ தங்கச்சி. 90களில பொருளாதாரத்தடைக்குள்ள மண்ணெண்ணெய், விறகு, வருத்தக்காரர் எல்லாத்தையும் இந்தச் சைக்கிளிலதான் யாழ்ப்பாணம் ஏத்தி இழுத்தது, அப்ப ஆர் கியர் கேட்டது. ஆனா சீற்றை உயர்த்துங்கோ. பெடலைக் கீழ விடேக்க முழங்கால் கொஞ்சம்தான் மடங்கவேணும், எங்கட ஆக்கள் முக்கால்வாசிப் பேர் சீற்றைத் தாழ்த்தி வைச்சு முழங்காலை முறிக்கினம். ரயருக்கு வடிவாக் காத்தடியுங்கோ, ஒரு ரியூப்பும் பம்பும் கொண்டுபோங்கோ, உடைமுள்ளு ஏறினா தாம்போதி நடுவில ஒட்டுக்கடை வராது.

ஒரு நாளுக்கு நல்ல சுத்து இது: பண்ணை, வேலணை, ஊர்காவற்துறை, அங்க இருந்து பாதையில காரைநகர், பிறகு பொன்னாலைப் பாலத்தால திரும்பி யாழ்ப்பாணம். 50 கிலோமீற்றர் அளவில வரும். ஊர்காவற்துறையில கடலுக்கு நடுவில கடற்கோட்டை தெரியும். பாதை ஓடுதோ எண்டு முதல் நாளே ஊராக்களிட்ட கேளுங்கோ, அது பழுதெண்டா வந்த வழியாலதான் திரும்பவேணும். வேலணைப் பக்கம் சாட்டியில கிணத்துத் தண்ணி நல்லம், மற்றப் பக்கமெல்லாம் கனக்க உவர், அதால சாட்டியில நிரப்பிக்கொண்டு போங்கோ. வீட்டை வந்ததும் முதல் வேலை, சைக்கிளை நல்லதண்ணியால கழுவித் துடைச்சு செயினுக்கு எண்ணெய் விடுறது. ஒரு கிழமை விட்டா உப்புக்காத்துத் திண்டிடும்.

கேள்வி: நயினாதீவுப் படகில சைக்கிள் ஏத்த விடுவினமோ?

பதில்: தேவையில்லை, குறிகட்டுவானில பூட்டிப்போட்டுப் போங்கோ, தீவு சின்னன், நடக்கலாம். நெடுந்தீவெண்டா படகுக்காரரிட்ட முதலே கதைச்சு, கயிறும் நீங்களே கொண்டுபோங்கோ.