'லிஸ்ட்லெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது எந்த 'லிஸ்ட்'?

நீங்கள் கேட்டிருப்பது இது: 'லிஸ்ட்' என்றால் பட்டியல், 'லெஸ்' என்றால் இல்லாத. அப்படியிருக்க, எதிலும் ஒட்டாமல் சோர்ந்து கிடக்கும் ஒருவரை 'லிஸ்ட்லெஸ்' என்று ஏன் சொல்கிறார்கள்? செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் கையில் இல்லாதவர் என்பதாலா?

இல்லை. அந்தப் பட்டியலுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவே கிடையாது. இதற்குள் இருக்கும் 'லிஸ்ட்' ஆங்கிலத்தில் ஏறக்குறைய செத்துப்போன ஒரு பழைய சொல். அதன் பொருள் ஆசை, விருப்பம். ஆகவே 'லிஸ்ட்லெஸ்' என்றால் ஆசை எழாத நிலை.

இந்த வேறுபாட்டை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். 13 ஆண்டுகளாக மருத்துவத் துண்டறிக்கைகளைத் தமிழில் பெயர்த்துத் தருகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளைப் பற்றிய ஒரு கையேடு கைக்கு வந்தது. குழந்தை 'லிஸ்ட்லெஸ்' ஆக இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதில் ஒரு வரி. நான் 'குழந்தை சோம்பலாக இருந்தால்' என்று எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்துப் பார்த்தவர் குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அக்கா. அந்த வரியில் விரலை வைத்துச் சொன்னார்: "தம்பி, சோம்பலா இருக்குன்னு எழுதினா, எந்திரிடான்னு பிள்ளைய அதட்டுவாங்க. தூக்கிக்கிட்டு ஓடி வர மாட்டாங்க."

அன்று இரவு அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'லிஸ்டன்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. மனதுக்குப் பிடித்திருப்பது, ஆசை உண்டாவது என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான் 'லிஸ்ட்'. 15-ஆம் நூற்றாண்டில் அதோடு 'லெஸ்' ஒட்டிக்கொண்டு 'லிஸ்ட்லெஸ்' பிறந்தது. இதற்கு உடன்பிறப்பு 'லஸ்ட்'. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் காமம் மட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது எல்லா வகை இன்பத்தையும் விருப்பத்தையும் குறித்தது. உடலின் இச்சைகளைக் கண்டிக்கும் விவிலிய வரிகளை மொழிபெயர்க்கும்போது அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், பாவத்தின் நிறம் அதன்மேல் ஏறிவிட்டது. ஜெர்மன் மொழியில் அப்படி நடக்கவில்லை. அங்கே 'லுஸ்ட்' இன்றும் அன்றாடச் சொல். கடைக்கு வருகிறாயா என்று கேட்டால் 'எனக்கு லுஸ்ட் இல்லை' என்று சிறு பிள்ளைகூடச் சொல்லும். 'லிஸ்ட்லெஸ்' என்பதற்கு அவர்களிடம் 'லுஸ்ட்லோஸ்' இருக்கிறது. வாங்குவோரும் விற்போரும் அக்கறை காட்டாமல் மந்தமாகக் கிடக்கும் பங்குச் சந்தையையும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான் வருகிறது. அந்தப் பழைய வினை எப்படி நடந்தது என்று பாருங்கள். 'நான் விரும்புகிறேன்' என்று அதில் சொல்ல மாட்டார்கள். 'மே லிஸ்ட்' என்பார்கள். 'மே' என்றால் 'எனக்கு'. எனக்கு ஆசையாயிருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது என்ற அமைப்பு. தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்குப் பசிக்கிறது என்று நாம் தினமும் பேசுவது இப்படித்தான். ஆசையைச் செய்பவர் நாம் அல்ல, அது நம்மிடம் வருகிறது என்பதுபோல நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். ஆங்கிலம் காலப்போக்கில் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. 'எனக்கு' இருந்த இடத்தில் 'நான்' வந்து உட்கார்ந்தது. பழைய நாடகங்களில் வரும் 'மீதிங்ஸ்' அந்தக் காலத்தின் மிச்சம். 'நான் நினைக்கிறேன்' என்று அதைப் பெயர்ப்பார்கள். உண்மையில் அது 'எனக்குத் தோன்றுகிறது'.

'லிஸ்ட்லெஸ்' நிலையில் இருப்பவரைப் புரிந்துகொள்ள இந்த இலக்கணமே எனக்கு உதவியது. அவர் விரும்ப மறுக்கவில்லை. அவருக்கு விருப்பம் வரவில்லை.

வினையாக இந்த 'லிஸ்ட்' கடைசியாக வாழ்ந்த இடங்களில் ஒன்று, 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியம். யோவான் 3:8-இல், காற்று 'லிஸ்டெத்' ஆகும் இடத்தில் வீசுகிறது என்று இருக்கிறது. நம் ஊர்ச் சர்ச்சுகளில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் அதே வசனம் "காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது" என்று வரும். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோது, அகராதிகள் சொல்லாத தெளிவு எனக்குக் கிடைத்தது. இஷ்டம். அவ்வளவுதான். இஷ்டம் எதன்மேலும் இல்லாமல் போவதே 'லிஸ்ட்லெஸ்'.

இன்னும் ஆழத்தில் தோண்டினால், இதன் இந்தோ-ஐரோப்பிய வேரைச் சமஸ்கிருதத்தின் 'லஸ்' என்ற வேரோடு சொல்லாய்வாளர்கள் சேர்த்து வைக்கிறார்கள். விளையாடுவது, களிப்பது என்று பொருள்படும் வேர் அது. தமிழில் நாம் சொல்லும் 'உல்லாசம்' அதன் வழியாக வந்த சொல்தான். உல்லாசமும் 'லிஸ்ட்லெஸ்'ஸும் தூரத்துச் சொந்தம் என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கேள்வியில் வந்த பட்டியல் 'லிஸ்ட்' வேறு வீட்டுப் பிள்ளை. துணியின் கரை, ஓரமாக ஓடும் பட்டை என்பதே அதன் பழைய பொருள். அதிலிருந்து நீளமான தாள் துண்டு, பிறகு அந்தத் துண்டில் வரிசையாக எழுதிய பெயர்கள் என்று நகர்ந்து, 1600 வாக்கில் பட்டியல் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. 'கேள்' என்ற பொருளில் இன்னொரு 'லிஸ்ட்'டும் உண்டு. 'ஹாம்லெட்' நாடகத்தில் தந்தையின் ஆவி மகனிடம் "லிஸ்ட், லிஸ்ட்" என்று கெஞ்சும். அது 'லிசன்' குடும்பம். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லிஸ்டன்' என்று முன்னால் ஒரு ஹகரம் இருந்தது. நம் காதுக்குப் பழக்கமான 'சுருதி'யோடு அதற்கு வேர் உறவு உண்டு. ஆக, ஒலிப்பில் ஒன்றாகிவிட்டாலும் இவை மூன்றும் தனித்தனிச் சொற்கள்.

முன்பாதி மறந்துபோய்ப் பின்பாதியோடு மட்டும் வாழும் சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் உண்டு. 'ரூத்லெஸ்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். 'ரூத்' என்றால் இரக்கம் என்பது பலருக்குத் தெரியாது. 'ரெக்லெஸ்' சொல்லில் உள்ள 'ரெக்' என்பது அக்கறை.

அகராதிகள் 'லிஸ்ட்லெஸ்'ஸுக்கு இணையாகத் தரும் சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. 'லாஸிட்யூட்' லத்தீன் 'லாஸுஸ்' வழி வந்தது. அது களைப்பு, உடம்பின் அசதி. 'லெதர்ஜி' கிரேக்கம்; மறதி, செயலின்மை என்ற இரண்டும் கலந்தது. பாதாள உலகில் ஓடும் மறதியின் ஆறான 'லேதே' அதற்குள் இருக்கிறது. 'ஆன்வி' பிரெஞ்சிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது; சலிப்பு, எதைப் பார்த்தாலும் அலுப்பு. அசந்து போனவருக்கு ஓய்வு வேண்டும், சலித்துப் போனவருக்குப் புதியது ஏதாவது வேண்டும். 'லிஸ்ட்லெஸ்' ஆனவருக்கு எதுவும் வேண்டியிருக்காது. சோம்பேறியைப் பாருங்கள், அவனுக்கு ஆசைகளுக்குக் குறைவே இருக்காது. படுத்திருக்க ஆசை, நன்றாகச் சாப்பிட ஆசை, வேலையை மட்டும் இன்னொருவர் செய்ய வேண்டும். அவனுக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை.

மருத்துவத்தில் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளைகளின் நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டியில், உடனடியாக மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அபாய அறிகுறிகள் என்று சிலவற்றைச் சொல்கிறார்கள். பால் குடிக்க முடியாமை, எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது, வலிப்பு ஆகியவற்றோடு, பிள்ளை சுற்றி நடப்பதைக் கவனிக்காமல் துவண்டு கிடப்பதும் அதில் ஒன்று. வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து குறையும்போது பிள்ளை முதலில் சிணுங்கும், எரிச்சல்படும். நிலைமை முற்றும்போது அந்தச் சிணுங்கலும் அடங்கிவிடும். 'அழுகையை நிறுத்திவிட்டான், தேவலை' என்று வீட்டில் நினைப்பார்கள். ஆபத்து கூடியிருக்கும் நேரம் அதுதான். கையேட்டின் அந்த வரியை நானும் நர்ஸ் அக்காவும் சேர்ந்து இப்படி மாற்றினோம்: 'குழந்தை பாலோ பொம்மையோ எதையும் கேட்காமல், கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் துவண்டு கிடந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.' ஒரு சொல்லுக்கு இத்தனை சொற்களா என்று அச்சகத்தில் கேட்டார்கள். ஆம், இங்கே அத்தனையும் தேவை.

கதை, கட்டுரை என்றால் 'நாட்டமில்லாமல்', 'பிடிப்பில்லாமல்' என்று எழுதுவேன். பேச்சு வழக்கில் 'விட்டேற்றியாக' என்பது மிக நெருக்கமாக வரும். 'சோம்பலாக' என்று மட்டும் எழுதாதீர்கள். 'சோர்வாக' என்பதும் பாதிதான் சொல்கிறது.

பெரியவர்களிடம் இந்த நிலை தென்பட்டால், 'வயசாகிவிட்டது' என்று தள்ளிவிடாதீர்கள். ரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் இப்படி ஆகலாம். மனச்சோர்வு நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று, இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் இருப்பது. இன்பம் அறியாத அந்த நிலைக்கு 1896-இல் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 'அன்ஹெடோனியா' என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார். பழைய ஆங்கிலக்காரர்கள் தங்கள் சொந்தச் சொல்லிலேயே அதற்கு மிக அருகில் வந்திருந்தார்கள்.

அம்மா போன பிறகு அப்பா அப்படித்தான் இருந்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. வைத்ததைச் சாப்பிடுவார், சொன்னால் குளிப்பார். பேப்பர் பிரிக்காமல் மடித்தபடியே கிடக்கும். என்ன சமைக்கட்டும் என்று என் மனைவி கேட்டால், "எதுவும் வேண்டியிருக்கலம்மா" என்பார். வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. 'வேண்டியிருக்கல' என்பதுதான் அவர் சொல். நாங்கள் அதைத் துக்கம் என்றே எடுத்துக்கொண்டு நான்கு மாதம் விட்டுவிட்டோம். பிறகுதான் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மாத்திரையும், வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவதுமாகச் சில மாதங்கள் போயின.

ஒரு மழை நாள் சாயங்காலம் திண்ணையில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, எனக்கு ஒரு வாய் சுக்குக் காப்பி வேணும் போல இருக்கு."