டாம்கேட் 10-இல் வார் கோப்பு ஏறுகிறது, சர்வ்லெட் மட்டும் 404 காட்டுவது ஏன்?

ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் சர்வரான டாம்கேட்டின் 9-ஆம் பதிப்பில் ஓடிய அதே வார் கோப்பை (செயலி முழுவதையும் அடக்கிய தொகுப்பு) 10-இல் போட்டால் முகப்புப் பக்கம் வருகிறது, சர்வ்லெட் (வலைக் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பு) முகவரிகள் மட்டும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று காட்டுகின்றன, லாகிலும் பிழை இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் ஜாவா கோடின் இம்போர்ட் வரிகளைப் பாருங்கள்.

டாம்கேட் 9 வரை சர்வ்லெட் வகுப்புகள் ஜாவாக்ஸ்.சர்வ்லெட் (javax.servlet) என்ற பேக்கேஜில் இருந்தன. 10-இலிருந்து அது ஜகார்த்தா.சர்வ்லெட் (jakarta.servlet). சர்வ்லெட்டின் முகவரியைக் குறிக்கும், பழைய பேக்கேஜின் வெப்சர்வ்லெட் அனோட்டேஷனைப் புதிய டாம்கேட் கண்டுகொள்ளாது. எச்சரிக்கைகூட இல்லாமல் தாண்டிப் போய்விடும், முகவரி பதிவாகாது. இந்த மௌனம்தான் பலரைப் பல மணி நேரம் அலையவிடுகிறது.

சரி, எப்படித் தீர்ப்பது? அவசரமென்றால் டாம்கேட் 9-க்கே திரும்புங்கள். அல்லது வார் கோப்பை வெப்ஆப்ஸ்-க்குப் பதில் வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ (webapps-javaee) என்ற ஃபோல்டரில் வையுங்கள். அந்த ஃபோல்டர் இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். டாம்கேட் 10 அந்த வார் கோப்பைத் தானாக ஜகார்த்தாவுக்கு மாற்றி ஏற்றும்.

நிலையான தீர்வு, இம்போர்ட்டையும், பில்ட் கருவியான மேவனில் குறித்துள்ள டிபென்டென்சியையும் (செயலிக்குத் தேவையான லைப்ரரி) ஜகார்த்தாவுக்கு மாற்றுவது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஜாவாக்ஸையும் மாற்றிவிடாதீர்கள். ஜாவாக்ஸ்.எஸ்கியூஎல், ஜாவாக்ஸ்.நேமிங் போன்றவை ஜேடிகே-யை (ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பு) சேர்ந்தவை, அவை அப்படியேதான் இருக்க வேண்டும். மேவனில் சர்வ்லெட் ஏபிஐ-யின் ஸ்கோப் 'ப்ரொவைடட்' ஆக (அதை டாம்கேட்டே தரும், வார் கோப்பில் சேர்க்க வேண்டாம் என்று பொருள்) இருக்கட்டும். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் 5-ஆம் பதிப்பைப் பயன்படுத்தினால் குறைந்தது 6-க்குப் போக வேண்டும், அதற்குக் குறைந்தது ஜாவா 17 தேவை.

அப்புறம் மேவன் கிளீன் கொடுத்து, டார்கெட் ஃபோல்டரில் பழைய வகுப்புகள் இல்லாமல் பில்ட் செய்யுங்கள்.