பன் இல்லாத பர்கர் கிண்ணத்தை வார நாள் இரவுகளில் விரைவாகச் செய்ய முடியுமா?

கோலாலம்பூரில் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் நீங்கள், மாவுச்சத்துக் குறைந்த பர்கர் கிண்ணத்தை, அதாவது பன்னுக்குப் பதில் கிண்ணத்தில் சாலட் இலையோடும் சாஸோடும் பரிமாறும் பர்கர் இறைச்சியை, அரை மணி நேரத்தில் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஒரு பர்கர் பன்னில் ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் மாவுச்சத்து இருப்பதால், அதை விட்டாலே பெரும்பகுதி குறைந்துவிடும்.

ஒருவருக்கு 150 கிராம் கொத்திய கோழி இறைச்சி போதும். நெஞ்சுப் பகுதி எளிதில் வறண்டுவிடும் என்பதால், சந்தையில் தொடைக்கறியைக் கொத்தித் தரச் சொல்லுங்கள். சட்டி நன்றாகச் சூடேறிய பின் இறைச்சியைப் பரப்பி, மூன்று நிமிடம் கிளறாமல் விட்டால்தான் அடிப்பக்கம் சிவந்து பர்கருக்குரிய மணம் வரும். அவசரப்பட்டுக் கிளறினால் நீர் விட்டு, வெறும் அவித்த கறியாகிவிடும். பிறகு உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து, உதிர்த்து, முழுமையாக வேகவிடுங்கள்.

நம் ஊர்ச் சாலையோரக் கடைகளில் ‘ஸ்பெஷல்’ பர்கருக்கு இறைச்சியை மெல்லிய முட்டை அடையில் சுற்றுவார்கள் அல்லவா? அந்த அடையைக் கிண்ணத்தின் மேல் போர்த்தினால் பன் இல்லாத குறையே தெரியாது.

பலர் கோட்டை விடுவது சாஸில்தான். புட்டி மிளகாய் சாஸிலும் தக்காளி சாஸிலும் பெரும்பாலும் சர்க்கரை மிகுதி. ஆகவே மயோனைஸ், கடுகு சாஸ், சில துளி வினிகர், பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய் ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். கேமரன் மலை சாலட் இலையை ஈரம் போகத் துடைத்து அடியில் பரப்புங்கள். இல்லையேல் சாஸ் நீர்த்துவிடும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மாவுச்சத்தைக் குறைக்குமுன் மருத்துவரிடம் அவசியம் பேசிவிடுங்கள்.