பெண்பிள்ளை விந்தணு ஆராய்ச்சிக்குப் போகலாமா?

திருநெல்வேலிப் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசு மருத்துவ இடம் கிடைக்கும் அளவுக்கு நீட் மதிப்பெண் இல்லை. நிலத்தை விற்றாவது டாக்டராக்கு என்கிறார் தாய்மாமன். மகளோ, விலங்குகளில் விந்தணு உருவாகும் விதத்தைப் படிக்க வேண்டும் என்கிறாள். “வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கு சார்.”

அம்மா, உங்கள் கவலை நியாயம். ஆனால் நிலத்தை விற்காதீர்கள். ஐந்தரை வருடம், அப்புறம் மேற்படிப்புக்கு இன்னொரு பெருஞ்செலவு, அதுவும் பிள்ளை கேட்காத படிப்புக்கு. கடனை அடைக்கப்போவது மாமா இல்லை.

கூச்சமும் வேண்டாம். சில மில்லிமீட்டரே உள்ள டிரோசோஃபிலா பைஃபர்கா என்ற பழ ஈயின் விந்தணு சுமார் 5.8 சென்டிமீட்டர் நீளம். மண்ணில் வாழும் ஒரு நூற்புழுவின் விந்தணுவுக்கு வாலே கிடையாது, ஊர்ந்துதான் போகும். வடிவம் இப்படித் தாறுமாறாக மாறினாலும், அடியில் இருக்கும் சில மரபணுக்கள் ஈயிலிருந்து மனிதன் வரை தொடர்கின்றன. ஈயில் அப்படி ஒன்று பழுதானால் விந்தணு உருவாவது பாதியில் நின்றுவிடும். மனிதனின் அதே மரபணுவை அந்த ஈக்குள் வைத்தபோது குறை ஓரளவு நீங்கியது. குழந்தையில்லாத ஆண்களின் சிக்கலுக்கு ஈயிடம் விடை தேடுவது இதனால்தான். ஆண் மலட்டுத்தன்மையின் மரபியலை ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற மத்திய அரசின் உயிரியல் ஆய்வகம் நெடுங்காலமாக ஆராய்கிறது. குழந்தையில்லை என்றால் பெண்ணையே குறை சொல்லும் ஊரில், இதை ஒரு பெண் படிப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வழி இருக்கிறது. ஐசர் என்பவை மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்களில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்-எம்.எஸ் படிக்கலாம். நுழைவுத் தேர்வு ஐ.ஏ.டி. கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் குறைந்த செலவில் பி.எஸ்சி விலங்கியல், அப்புறம் எம்.எஸ்சி-க்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி நல்ல நிறுவனத்தில் எம்.எஸ்சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) கிடைத்தால் பிஎச்.டி-க்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

இது நீண்ட பாதை, பத்து வருடம்கூட ஆகலாம். அவ்வளவு காலம் வீடு தாங்காது என்றால், எம்.எஸ்சி-யில் கருவியல், அதாவது கரு உருவாகி வளர்வதைப் பற்றிய படிப்பு, எடுத்துச் செயற்கைக் கருத்தரிப்பு மையத்தில் வேலைக்குப் போகலாம். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டத்தின் கீழ், ஆய்வகத்தில் கருவை உருவாக்கும் மையங்களில் கருவியல் வல்லுநர் இருந்தாக வேண்டும்.

ஐ.ஏ.டி-யில் உயிரியலுக்கு இருக்கும் அதே இடம் கணக்குக்கும் உண்டு. பிளஸ் டூவில் அவள் கணக்கு எடுத்தாளா? இல்லையென்றால் பதினொன்றாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தை இன்றே வாங்கிக் கொடுங்கள்.