நெடுஞ்சாலையில் தலை ஆடுகிறது, காது இரைகிறது: உயரமான விண்ட்ஸ்கிரீன் போட்டால் சரியாகுமா?

‘80 கிலோமீட்டர் வேகம் வரை தொந்தரவில்லை, 90-ஐத் தாண்டினால் ஹெல்மெட்டை யாரோ பிடித்து உலுக்குவதுபோல் இருக்கிறது, ஆனால் நெஞ்சில் காற்றே படுவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமானது. நெஞ்சில் காற்று படவில்லை என்றால், பைக்குடன் வந்த விண்ட்ஸ்கிரீன், அதாவது முன்னால் நிற்கும் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் மேல்விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல் நேராக உங்கள் ஹெல்மெட்டில் வந்து மோதுகிறது. உயரமானதைப் போட்டால் இது தீரலாம். இப்போது இருப்பதைவிடக் குட்டையானதைப் போட்டாலும் தீரலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதைச் செலவில்லாமல் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட முடியும்.

ஆற்றின் நடுவே கிடக்கும் பாறையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அதன் மேல் ஏறி வழிகிறது. பாறையின் முதுகுப்புறம் ஓரளவு அமைதியாக இருக்கிறது. ஓடும் நீருக்கும் அந்த அமைதிக்கும் நடுவில் நுரைத்துச் சுழலும் ஒரு பட்டை இருக்கிறது. விண்ட்ஸ்கிரீனுக்குப் பின்னால் நடப்பதும் இதுவே. மேலே சீரான காற்று, கீழே காற்று மறைவு, நடுவே சுழல். தலை முழுவதும் சீரான காற்றில் இருந்தால் ஓர் ஒழுங்கான அழுத்தம் மட்டுமே தெரியும். கழுத்து அதைத் தாங்கிக்கொள்ளும். தலை முழுவதும் மறைவில் இருந்தால் நிம்மதி. சுழலில் மாட்டினால்தான் பார்வை நடுங்கும், தலைவலி வரும், கழுத்து இறுகும். காற்றின் விசை வேகத்தின் இருபடியாக ஏறுகிறது என்பதால் 80-க்கும் 100-க்கும் இடையில் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. 80-இல் பொறுத்துக்கொண்டதை 100-இல் உங்களால் பொறுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒரு வருடத்தை இழந்தேன். நான் 178 செ.மீ. உயரம். முதலில் வாங்கிய உயரமான விண்ட்ஸ்கிரீன் சுழலை என் தோளிலிருந்து தாடைக்கு ஏற்றியது. இன்னும் உயரமான இரண்டாவது, தாடையிலிருந்து நெற்றிக்கு ஏற்றியது. மூன்று மணி நேரப் பயணம் முடிந்து இறங்கும்போதெல்லாம் கண்ணுக்குப் பின்னால் வலி. பிறகு ஒரு காலையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தேன். நெஞ்சில் காற்று பலமாக அடித்தது. ஆனால் தலை அசையவே இல்லை. என் தொல்லைக்குக் காரணம் காற்றின் அளவு இல்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

நீங்களும் முதலில் அதையே செய்யுங்கள். வண்டியின் அமைப்பு இடம் கொடுத்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வழக்கமாகப் போகும் வேகத்தில் ஒரு முறை போய்வாருங்கள். பிறகு மாட்டிவிட்டு, வெறிச்சோடிய நேரான சாலையில், இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்க, ஒரே வேகத்தில் போகும்போது சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். உலுக்கல் நின்று சீரான காற்று முகத்தில் பட்டால், சுழலின் மேல் எல்லை எங்கே என்று தெரிந்துவிட்டது. அடுத்து, சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல், சிறிது சிறிதாகக் குனியுங்கள். எத்தனை விரற்கடை குனிந்ததும் இரைச்சல் அடங்குகிறது என்று கவனியுங்கள். இரண்டு மூன்று விரற்கடையிலேயே அடங்கினால், அந்த அளவுக்கு உயரம் கூட்டினால் போதும். டேங்க் மீது படுத்தால்தான் அடங்குகிறது என்றால் உயரத்தைத் தேடிப் போகாதீர்கள். குட்டையான கண்ணாடியில் தலையைச் சீரான காற்றுக்குள் விட்டுவிடுவதே மேல். ஒரு கையை விளிம்புக்கு மேல் நீட்டிச் சுழலைத் தேடும் வழக்கமும் உண்டு. அந்த வேகத்தில் ஒரு கையை விடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உயரத்துக்கு ஒரு கூரை இருக்கிறது, அது உங்கள் கண். நீங்கள் இயல்பாக உட்கார்ந்திருக்கும்போது கண்ணாடியின் மேல்விளிம்பு மூக்கு நுனியின் மட்டத்திலோ அதற்குக் கீழோ நிற்க வேண்டும். சாலையை அதன் மேலாகப் பார்க்க வேண்டும், ஊடாகப் பார்க்கக் கூடாது. காரில் இருப்பதுபோல் இங்கே வைப்பர் கிடையாது. மழையில் துளிகள் அப்படியே நிற்கும். இரவில் எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொரு கீறலிலும் சிதறிக் கண்ணைக் கட்டிவிடும். விளிம்பைத் தாண்டும் காற்று அதே கோணத்தில் இன்னும் கொஞ்சம் மேலேறிப் போகும் என்பதால், மூக்கு மட்டத்துக் கண்ணாடியே தலை முழுவதையும் மறைத்துவிடக்கூடும்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இணையத்தில் ‘நானும் 175 செ.மீ., எனக்கு அருமையாக இருக்கிறது’ என்று ஒருவர் எழுதுவதை நம்பி வாங்காதீர்கள். அவருக்குக் கால் நீளமாக இருக்கலாம், உங்களுக்கு உடல் நீளமாக இருக்கலாம். கேட்க வேண்டிய அளவு, உட்கார்ந்த நிலையில் சீட்டிலிருந்து கண் வரை எவ்வளவு என்பதுதான். சீட்டை மாற்றியிருக்கிறாரா, ஹெல்மெட்டின் நெற்றியில் நிழல்தட்டு உள்ளதா என்றும் கேளுங்கள். அந்தத் தட்டு சுழலைப் பிடித்து இழுக்கும். உங்களுடையதில் அது இருந்தால், கழற்றி ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே கண்ணாடியைக் குறை சொல்லுங்கள்.

பெரிய கண்ணாடிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப முதுகுப்புறத்திலிருந்தும் கீழிருந்தும் காற்று உள்ளே பாய்கிறது. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோலத் தோன்றுவதும், மழைத்துளி கண்ணாடியின் உட்புறம் வந்து விழுவதும் இதனால்தான். மருந்து எளியது. கண்ணாடியின் அடிப்பகுதியில் கொஞ்சம் காற்றை உள்ளே விட வேண்டும். ஹார்லி டேவிட்சன் 2014 மாடல்களில் தன் ‘பேட்விங்’ ஃபேரிங்கில் (வண்டியின் முன்பக்கத்தை மூடும் உறை) காற்றுத் துளை வைத்தது இந்த உலுக்கலைக் குறைக்கத்தான். நான் செய்தது இதைவிடச் சிறிய வேலை. கண்ணாடிக்கும் ஃபேரிங்குக்கும் நடுவே 10 மி.மீ. நைலான் வளையங்களை வைத்து, நீளமான போல்ட்டால் இறுக்கினேன். இரண்டு விண்ட்ஸ்கிரீன்களால் ஆகாத காரியம் அந்த இடைவெளியால் ஆனது. அதனால்தான் வாங்கும்போது அடியில் இடைவெளியோ துளையோ உள்ள வடிவத்தை முதலில் பாருங்கள் என்கிறேன். சாய்வையும் உயரத்தையும் மாற்றக்கூடிய பிடிப்பு இருந்தால் இன்னும் நல்லது. நிமிர்த்தி வைத்தால் காற்று மேலே எறியப்படும், சுழலும் இழுவையும் கூடும். சாய்த்து வைத்தால் ஓட்டம் மென்மையாகும், மறைவு குறையும்.

சுழல் கீழிருந்தும் வரலாம். ஹெட்லைட்டுக்கும் டேங்குக்கும் இடையில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் வண்டிகளில் காற்று அங்கே நுழைந்து மார்பு வழியாக மேலேறித் தாடையை அடிக்கும். அப்போது மேலே எவ்வளவு உயரம் கூட்டினாலும் பயனில்லை. ஓர் அட்டைத்துண்டை டேப்பால் ஒட்டி அந்த இடைவெளியை மூடிப் பார்க்கலாம். ஆனால் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

ஃபேரிங் இல்லாத வண்டி என்றால் எங்கே மாட்டுகிறீர்கள் என்பது பாதுகாப்புக் கேள்வியாகிவிடுகிறது. சட்டகத்தோடு பிணைந்த கண்ணாடியில் காற்று அடித்தால் அடி வண்டிக்கு. ஹேண்டில்பாரில் மாட்டியதில் அடித்தால் அடி திசைமாற்றத்துக்கே போகும். லாரியைத் தாண்டும்போதும் பக்கக்காற்றிலும் கைகளில் அது தெரியும். அதிவேகத்தில் வண்டி நெளியத் தொடங்கலாம். ஆகவே ஹேண்டில்பார் வகையில் அளவாக இருப்பதையே வாங்குங்கள். தயாரிப்பாளர் வேக வரம்பு குறிப்பிட்டிருந்தால் அதை மீறாதீர்கள். முதல் நாள் வேகத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். பிரேக் குழாய்களும் கேபிள்களும் எங்கும் இழுபடக் கூடாது.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. பாலிகார்பனேட் கல் பட்டாலும் எளிதில் உடையாது. ஆனால் மேலே கடினப் பூச்சு இல்லாவிட்டால் விரைவில் கீறல் விழும். அக்ரிலிக் தெளிவாக இருக்கும், கீறலையும் ஓரளவு தாங்கும். அடி பலமானால் சில்லுசில்லாக நொறுங்கும். நான் பூச்சுள்ள பாலிகார்பனேட்டையே எடுப்பேன். பெட்ரோலும், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் அதில் படக் கூடாது. மயிரிழை வெடிப்புகள் வந்துவிடும். காய்ந்து ஒட்டிய பூச்சிகளைத் தேய்க்காமல், ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி ஊறவிட்டால் தானே வந்துவிடும்.

காது இரைச்சலை மட்டும் விண்ட்ஸ்கிரீனிடம் முழுவதுமாக ஒப்படைக்காதீர்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் 100 டெசிபெல்லை எட்டுவது சாதாரணம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபெல்லுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைய, 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம்தான். போன செவித்திறன் திரும்பி வராது. உங்கள் பகுதிச் சட்டம் அனுமதித்தால் காதடைப்பான் இல்லாமல் நீண்ட பயணம் போகாதீர்கள். நல்ல கண்ணாடி இருந்தாலும் நான் போட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் புதிய கண்ணாடி வாங்க மாட்டேன். எழுந்தும் குனிந்தும் சோதித்துவிட்டு, இருக்கும் கண்ணாடியின் விளிம்பில் கவ்வி நிற்கும், கோணம் மாற்றக்கூடிய ஒரு சிறிய காற்றுத் தடுப்புத் துண்டை முதலில் மாட்டுவேன். அதற்கும் கண்ணாடிக்கும் இடையே விரல் அளவு இடைவெளி விட்டு, ஒவ்வொரு கோணத்திலும் அதே சாலையில், அதே ஹெல்மெட்டுடன், காற்று குறைவான காலை நேரத்தில் ஓட்டிப் பார்ப்பேன். அதிலும் தீரவில்லை என்றால்தான் வேறு கண்ணாடி. மாட்டும்போது ரப்பர் வளையங்களை விட்டுவிடாதீர்கள், போல்ட்டைக் கையளவு பலத்தில் மட்டும் இறுக்குங்கள். மரை கழலாமல் இருக்க ஊற்றும் திரவப் பசையை அங்கே பயன்படுத்தவே வேண்டாம். பாலிகார்பனேட் அந்தத் துளையிலிருந்துதான் வெடிக்கத் தொடங்கும்.